பன்னிரண்டு காலண்டர் தாள், ஒரு பென்சில்: உலகக்கோப்பை குரூப் கணக்கைக் கையால் எழுதுவது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், சாயங்காலம் கொலுசாகவும் துண்டாகவும் தூளாகவும் எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. உலகக்கோப்பை கால்பந்து வந்துவிட்டால் இன்னொரு கணக்கும் என் தலையில் விழும். "அக்கா, போர்ச்சுகல் உள்ளே போயிருச்சா?", "அக்கா, இன்னும் எத்தனை கோல் வேணும்?" என்று பற்றவைக்கும் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

போனில் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். இந்த நிமிடம் யார் மேலே, யார் கீழே என்பதைப் போன் காட்டிவிடும். அடுத்து என்ன நடந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்பது மண்டையில் ஏற வேண்டுமானால் கையால் எழுதித்தான் பார்க்க வேண்டும். குரூப் சுற்றின் ருசியே அந்த "நடந்தால்" என்கிற இடத்தில்தான் இருக்கிறது. சேலத்தில் கிரிக்கெட்தான் பெரிது, சின்னப்பம்பட்டி நடராஜன் வந்த பிறகு சொல்லவே வேண்டாம். ஆனால் கால்பந்தின் குரூப் சுற்று மாதிரி கணக்குப் போட ஆசையைக் கிளப்பும் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் தாள். போன வருஷத்து மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு தாளாகப் பன்னிரண்டு தாள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மாதத்தை ஒரே தாளில் அடிப்பவர்களும் உண்டு. பின்பக்கம் வெள்ளையாக, வழவழப்பில்லாமல் இருந்தால் பென்சில் நன்றாக ஓடும். 2022 வரை 32 அணிகள், 8 பிரிவுகள் (குரூப்). அப்போது நாலு தாள் மிச்சம் ஆகும். 2026 முதல் 48 அணிகள், 12 பிரிவுகள். காலண்டர் கணக்காகப் பொருந்திவிட்டது.

ஒரு பிரிவுக்கு ஒரு தாள். ஒவ்வொரு பிரிவிலும் நாலு அணி, ஆறு ஆட்டம். முதல் இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும், அதைத்தான் 'உள்ளே' என்கிறோம். தாளின் மேல்பாதியில் ஆறு ஆட்டங்களையும் இரண்டிரண்டாக மூன்று சுற்றாக எழுதி, நடுவே கோடு போடுங்கள். கீழ்பாதியில் கட்டம்: அணி, ஆடியது, வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தது), புள்ளி. மேல்பாதி பேனா, கீழ்பாதி பென்சில். நடந்து முடிந்த ஆட்டத்தின் முடிவு மாறாது, அதனால் பேனா. கட்டம் தினமும் மாறும். இந்த ஒரு விஷயத்தில் நான் ரொம்பக் கறார். கட்டத்தில் பேனாவை வைக்கிறவனிடமிருந்து தாளையே பிடுங்கிவிடுவேன்.

தேதியில் கவனம் வேண்டும். 2026 போட்டி அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளில். முதல் ஆட்டம் ஜூன் 11 வியாழக்கிழமை மெக்சிகோ சிட்டியில் பகல் 1 மணிக்கு. நமக்கு அது ஜூன் 12, வெள்ளிக்கிழமை அதிகாலை 12.30. அங்கத்திய தேதியைப் பார்த்து எழுதிவிட்டு, இங்கே ஒரு நாள் தள்ளி உட்கார்ந்தால் ஆட்டம் முடிந்தே போயிருக்கும். நம் தேதி, நம் மணியை மட்டும் எழுதுங்கள். "வியாழன் ராத்திரி விடிஞ்சா வெள்ளி" என்று எங்கள் பட்டறையில் சொல்வதையே சில தாள்களில் அப்படியே எழுதி வைப்பேன். அதற்கப்புறம் யாரும் குழம்புவதில்லை.

புள்ளி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெற்றிக்கு 3, டிராவுக்கு ஆளுக்கு 1. வெற்றிக்கு 3 என்பது உலகக்கோப்பையில் 1994இல்தான் வந்தது, அதுவரை 2. வயதான யாராவது பழைய கணக்கைச் சொல்லிச் சண்டைக்கு வந்தால் விட்டுக்கொடுங்கள், அவர்கள் பார்த்த காலத்துக்கு அது சரி.

முதல் சுற்று முடிந்ததும் கட்டத்தை நிரப்பிவிட்டு வேலையைப் பாருங்கள். அதில் தோண்ட ஒன்றும் இல்லை. 2010இல் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 1-0 என்று தோற்றது, கோப்பையைத் தூக்கியது. 2022இல் அர்ஜென்டினா சவூதியிடம் 2-1 என்று தோற்றது, அதுவும் தூக்கியது. அன்றைக்கு எங்கள் பாலிஷ் தம்பி சோறே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் சுற்றிலிருந்துதான் கணக்கு சூடு பிடிக்கும். கட்டம் நிரப்பியதும் சரி பார்க்காமல் அடுத்ததுக்குப் போகக்கூடாது. வெள்ளிக் கணக்கில் கொடுத்ததும் வந்ததும் சேதாரமும் சேர்ந்து நேராக நிற்க வேண்டும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். ஒரு அணி அடித்த கோல் இன்னொரு அணி வாங்கிய கோல். ஆகவே நாலு அணியும் அடித்த கோலின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோலின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசத்தைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். புள்ளிக்கும் ஒரு சோதனை உண்டு: ஆறு ஆட்டம் முடிந்ததும் மொத்தப் புள்ளி 18. ஒவ்வொரு டிராவுக்கும் அதில் ஒன்று கழியும், ஏனென்றால் டிராவில் மூன்றுக்குப் பதில் இரண்டு புள்ளிதான் பங்கு பிரிகிறது.

2022 'இ' பிரிவை வைத்துப் பார்ப்போம். நான் எழுதியதிலேயே ரொம்பப் பிடித்த தாள் அது.

ஜப்பான்: அடித்தது 4, வாங்கியது 3, வித்தியாசம் +1, புள்ளி 6
ஸ்பெயின்: அடித்தது 9, வாங்கியது 3, வித்தியாசம் +6, புள்ளி 4
ஜெர்மனி: அடித்தது 6, வாங்கியது 5, வித்தியாசம் +1, புள்ளி 4
கோஸ்டாரிகா: அடித்தது 3, வாங்கியது 11, வித்தியாசம் -8, புள்ளி 3

அடித்தது 22, வாங்கியது 22. வித்தியாசம் கூட்டினால் பூஜ்யம். புள்ளி 17, ஸ்பெயினும் ஜெர்மனியும் 1-1 என்று டிரா செய்த ஒரே ஆட்டத்துக்கு 18இல் ஒன்று போயிற்று. மூன்றும் நேராக நின்றால் கட்டம் சரி. எங்கேயோ இடிக்கிறது என்றால் முதலில் வாங்கிய கோல் வரிசையைப் பாருங்கள். ஜெயித்த அணியின் வரிசையில் எல்லோரும் ஆசையாக எழுதிவிடுவார்கள், தோற்ற அணிக்கு எழுத மறந்துவிடுவார்கள்.

அடுத்து, இரண்டு அணிக்குப் புள்ளி சமமானால் யார் மேலே? பாதிச் சண்டை இங்கேதான் வரும். போட்டிக்குப் போட்டி விதி வேறு. 2022 வரை உலகக்கோப்பையில் முதலில் மொத்த கோல் வித்தியாசம், அப்புறம் அடித்த கோல், அப்புறம்தான் அந்த இரண்டு அணியும் தங்களுக்குள் மோதிய ஆட்டம். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையிலும் ஆசியக் கோப்பையிலும் நேருக்கு நேர் ஆட்டத்துக்கே முதலிடம். 2026இல் உலகக்கோப்பையும் அந்த வழிக்கு வந்துவிட்டது: புள்ளி சமமானால் முதலில் நேருக்கு நேர், அதிலும் சமம் என்றால்தான் மொத்த வித்தியாசம். எந்தப் போட்டியோ அதன் விதியைத் தாளின் ஓரத்தில் ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஒரே கட்டத்தில் விதியை மாற்றினால் வேறு அணி உள்ளே போகும், கீழே காட்டுகிறேன்.

எல்லாமே சமமாகிற நாளும் உண்டு. 2018 'எச்' பிரிவில் ஜப்பானும் செனகலும் 4 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 4. தங்களுக்குள் ஆடியதும் 2-2. கடைசியில், தப்பாட்டத்துக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டையை எண்ணினார்கள். ஜப்பானுக்கு நாலு, செனகலுக்கு ஆறு. ஜப்பான் உள்ளே. அன்றைக்குப் போலந்திடம் 1-0 என்று தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான், கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. அந்தப் பக்கம் செனகலும் கொலம்பியாவிடம் 1-0 என்று பின்தங்கியிருந்ததுதான் காரணம். பார்த்தவர்களுக்கு எரிச்சல். ஜப்பான்காரர்களும் நம்மைப் போலக் கட்டம் போட்டுப் பார்த்தவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே தாளின் மூலையில் மஞ்சள், சிவப்பு அட்டைக்கும் ஒரு சின்ன இடம் விடுங்கள்.

1994 'இ' பிரிவையும் சொல்லாமல் விடக்கூடாது. மெக்சிகோ, அயர்லாந்து, இத்தாலி, நார்வே நாலுக்கும் 4 புள்ளி, நாலுக்கும் வித்தியாசம் பூஜ்யம். அதிகம் அடித்த மெக்சிகோ முதலிடம், ஒரே கோல் அடித்த நார்வே கடைசி. அயர்லாந்திடம் தோற்றதால் மூன்றாம் இடத்துக்குப் போன இத்தாலி, அங்கிருந்து இறுதி ஆட்டம் வரை போனது (அப்போது சிறந்த மூன்றாம் இட அணிகள் சிலவும் உள்ளே போகும்).

சரி, இப்போது முக்கியமான வேலை. கடைசிச் சுற்றுக்கு முந்தின நாள் ஒன்பது கட்டம் போடுவது. மிச்சம் இருப்பது இரண்டு ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிவு: இவன் ஜெயிக்கலாம், அவன் ஜெயிக்கலாம், டிரா ஆகலாம். மூன்று மூன்று ஒன்பது. மேலே குறுக்காக ஒரு ஆட்டத்தின் மூன்று முடிவு, இடப்பக்கம் இன்னொரு ஆட்டத்தின் மூன்று முடிவு. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே போகும் இரண்டு அணியின் பெயர். யார் ஜெயிப்பார்கள் என்று ஆரூடம் சொல்லாதீர்கள், அது டீக்கடை வேலை. நடந்தால் என்ன என்பதை மட்டும் எழுதுங்கள்.

அதே 2022 'இ' பிரிவு, கடைசிச் சுற்றுக்கு முன்: ஸ்பெயின் 4 புள்ளி, வித்தியாசம் +7. ஜப்பான் 3, வித்தியாசம் 0. கோஸ்டாரிகா 3, வித்தியாசம் -6. ஜெர்மனி 1, வித்தியாசம் -1. மிச்சம் ஜப்பான்-ஸ்பெயின், கோஸ்டாரிகா-ஜெர்மனி.

ஸ்பெயின் ஜெயித்தால்: ஸ்பெயின் 7 புள்ளியோடு உள்ளே. கூடவே யார் என்பதை அந்தப் பக்க ஆட்டம் முடிவு செய்யும். கோஸ்டாரிகா ஜெயித்தாலோ டிரா செய்தாலோ கோஸ்டாரிகா, ஜெர்மனி ஜெயித்தால் ஜெர்மனி.

அந்த ஆட்டம் டிரா ஆனால்: ஸ்பெயின் 5, ஜப்பான் 4. கோஸ்டாரிகா ஜெயித்தால் 6 புள்ளி, ஜப்பான் வெளியே. அதுவும் டிரா என்றால் ஜப்பானும் கோஸ்டாரிகாவும் 4. வித்தியாசத்தில் ஜப்பான் உள்ளே. ஜெர்மனி ஜெயித்தால் ஜப்பானும் ஜெர்மனியும் 4; ஜெர்மனி இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் ஜெர்மனி, ஒரு கோலில் ஜெயித்தால் இருவருக்கும் வித்தியாசம் பூஜ்யம், அடித்த கோலை எண்ண வேண்டும்.

ஜப்பான் ஜெயித்தால்: ஜப்பான் 6 புள்ளி, உள்ளே. அந்தப் பக்கம் டிராவோ ஜெர்மனி வெற்றியோ என்றால் கூடவே ஸ்பெயின், ஏனென்றால் +7 என்கிற மெத்தை இருக்கிறது. ஜப்பான் ஒரு கோலில் ஜெயித்தால் ஜெர்மனி குறைந்தது ஏழு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். கோஸ்டாரிகா ஜெயித்தால்? கோஸ்டாரிகாவும் 6. ஸ்பெயின் வெளியே.

முதல் ஆட்டத்தில் கோஸ்டாரிகாவை 7-0 என்று பிழிந்தெடுத்த ஸ்பெயின் வெளியே போகும் ஒரே கட்டம் அது. நான் அதைச் சிவப்பில் வட்டமிட்டபோது "இதெல்லாம் நடக்குமாக்கா" என்று சிரித்தார்கள். டிசம்பர் 2 அதிகாலை ஆட்டம். இடைவேளையில் ஸ்பெயின் 1-0, ஜெர்மனி 1-0, எல்லோரும் நினைத்தபடி. இடைவேளைக்குப் பின் 48ஆவது, 51ஆவது நிமிடங்களில் ஜப்பான் இரண்டு அடித்தது. 58இல் கோஸ்டாரிகா சமன் செய்தது. 70இல் 2-1 என்று முந்தியது. அந்தச் சிவப்பு வட்டம் உண்மையாகிவிட்டது. 73ஆவது நிமிடத்தில் ஹாவெர்ட்ஸ் ஜெர்மனிக்கு அடிக்கும் வரை மூன்று நிமிடம் ஸ்பெயினும் ஜெர்மனியும் இரண்டுமே வெளியே. ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் கடைசியில் வெளியேதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஸ்பெயின் தோற்காமல் இருப்பது. முந்தின நாளே கட்டம் போட்டவனுக்கு, ஜெர்மனிக்காக ராத்திரி முழுக்க ஸ்பெயினுக்குக் கைதட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

இப்போது அதே ஒன்பது கட்டத்தை 2026 விதிப்படி மறுபடி எழுதிப் பாருங்கள். ஜப்பான் ஜெர்மனியை ஜெயித்திருந்தது. ஆகவே ஸ்பெயின்-ஜப்பான் டிரா, ஜெர்மனி வெற்றி என்கிற கட்டத்தில் ஜெர்மனி எத்தனை கோல் அடித்தாலும் ஜப்பான்தான் மேலே. இரண்டு ஆட்டமும் டிரா என்றால் இன்னும் வேடிக்கை. கோஸ்டாரிகா ஜப்பானை 1-0 என்று ஜெயித்திருந்ததால், வித்தியாசம் -6 என்று கிடந்த கோஸ்டாரிகா இரண்டாம் இடம், ஜப்பான் மூன்றாவது. அதனால் புது விதியில் வித்தியாச வரிசையைப் பார்க்கும் முன் மேல்பாதியில் பேனாவால் எழுதிய முடிவுகளைப் பாருங்கள்.

கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடப்பதற்கும் காரணம் உண்டு. 1982இல் ஸ்பெயினின் கிகோன் ஊரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடியபோது, அல்ஜீரியா முந்தின நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. எந்த ஸ்கோர் வந்தால் இருவரும் உள்ளே போகலாம் என்பது இருவருக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அப்புறம் இரண்டு அணியும் ஒப்புக்குப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தன. 1-0, அல்ஜீரியா வெளியே. 1986 உலகக்கோப்பையிலிருந்து கடைசிச் சுற்று ஒரே நேரத்தில்தான்.

இதனால் நமக்கு வேலை இரட்டிப்பு. இரண்டு போன் வேண்டும், ஆளுக்கு ஒரு ஆட்டம். கட்டத்தில் கை வைக்கிறவர் ஒருவர் மட்டும். எங்களிடம் ஏற்காட்டிலிருந்து வரும் பையன் ஒருவன் உண்டு. மேலே பள்ளி மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்தவன், கோல் விழுமுன்னே சொல்லிவிடுவான். அவனை எப்போதும் இரண்டாவது போனில் உட்கார வைப்பேன். கோல் என்று கத்தினால் போதாது. "ஜெர்மனி, 73, இரண்டு இரண்டு" என்று அணி, நிமிடம், ஸ்கோர் மூன்றையும் சொல்ல வேண்டும். போனில் வருவது டிவியைவிடக் கொஞ்சம் பின்தங்கும், பக்கத்து வீட்டுச் சத்தம் முன்னாலேயே கேட்டுவிடும். சத்தத்தைக் கேட்டு எழுதாதீர்கள். வார் என்னும் வீடியோ பரிசோதனை முடிந்து நடுவர் மையத்தைக் காட்டிய பிறகு எழுதுங்கள். பந்தயம் கட்டுவதென்றால் தட்டுவடை செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு அணியின் பெயரை அவசரப்பட்டுக் கோடு போட்டு அடித்துவிடாதீர்கள். இரண்டு ஆட்டமும் தோற்ற அணிக்கு 2022 வரை ஏறக்குறைய கதை முடிந்தது. 2026 முதல் ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளோடு, 12 மூன்றாம் இட அணிகளில் சிறந்த எட்டும் உள்ளே போகும். 3 புள்ளிகூடச் சில நேரம் போதும். யூரோவில் ஆறு மூன்றாம் இடத்தில் நாலு போகும் ஏற்பாடு 2016இலிருந்து உண்டு. அந்த முதல் வருஷமே போர்ச்சுகல் மூன்று ஆட்டமும் டிரா செய்து, 3 புள்ளியோடு மூன்றாவதாக நுழைந்து கோப்பையை எடுத்துப் போனது. 2024இல் ஸ்லோவேனியா மூன்று டிராவோடு உள்ளே. அதே 3 புள்ளி எடுத்த ஹங்கேரி வித்தியாசம் -3 என்பதால் வெளியே. அதே வருஷம் ஒரு பிரிவில் நாலு அணிக்கும் 4 புள்ளி. அதில் கடைசியாக வந்த உக்ரைன் 4 புள்ளியோடு வீட்டுக்குப் போனது. புள்ளி எத்தனை என்பதோடு எத்தனையாவது இடம் என்பதையும் பாருங்கள்.

இந்த மூன்றாம் இடப் பட்டியலுக்குத் தனித் தாள் வேண்டும். பன்னிரண்டும் தீர்ந்திருக்கும், காலண்டரின் அட்டை இருக்கிறது, அதை எடுங்கள். பட்டியலை நேராக எழுதாதீர்கள். தினமும் வரிசை மாறும், அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிடும். சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் அணி, புள்ளி, வித்தியாசம், அடித்த கோல் எழுதி, அந்த அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு கயிறு கட்டி, துணிக்கிளிப்பில் மாட்டுங்கள். மேலே கீழே நகர்த்தினால் போதும். எட்டாவது கிளிப்புக்குக் கீழே ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். வெவ்வேறு பிரிவு அணிகள் தங்களுக்குள் மோதாததால் நேருக்கு நேர் பேச்சு இங்கே கிடையாது: புள்ளி, வித்தியாசம், அடித்த கோல், அப்புறம் மஞ்சள், சிவப்பு அட்டை. முதலில் முடிந்த பிரிவுகளின் மூன்றாம் இட அணிகள், கடைசிப் பிரிவு முடியும் வரை கயிற்றில் தொங்க வேண்டியதுதான். அந்த நாட்களில் அந்த அணியின் ரசிகன் வந்து தன் கிளிப்பை நைசாக மேலே நகர்த்தப் பார்ப்பான், கண் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போன எட்டு மூன்றாம் இட அணிகள் அடுத்த சுற்றில் யாரோடு மோதும் என்பதை மட்டும் கையால் போட முயலாதீர்கள். பன்னிரண்டில் எந்த எட்டு என்பதற்கு 495 சேர்க்கை உண்டு. ஒவ்வொன்றுக்கும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. அதைப் போனில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.